சிஸ்டருக்கு மார்க் போடுவது எப்படி?



மெக்கானிக்கல் படித்தவனுக்கு நர்ஸிங்கைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். போன வருஷம் அப்பா இடுப்பெலும்பு முறிந்து ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆபரேஷன் பிரமாதம். ஐந்தாம் நாள் பார்த்தால் வாலெலும்புப் பக்கம் படுக்கைப் புண். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைத்திருக்க வேண்டும். ஆனால் முப்பது கட்டிலுக்கு ராத்திரியில் ஒரே சிஸ்டர்! அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆயிரம் பீஸுக்கு எத்தனை ரிஜெக்ஷன் என்று எண்ணிப் பிழைப்பவன் நான். பராமரிப்பை யாராவது இப்படி எண்ணுகிறார்களா என்று தேடினேன். எண்ணுகிறார்கள். நூறு பேர் பத்து நாள் படுத்தால் ஆயிரம் நோயாளி-நாள். அதில் எத்தனை பேர் தவறி விழுந்தார்கள் என்பது ஒரு கணக்கு.

வகுக்கும் எண் தப்பினால் வம்புதான். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே 1863-ல் மாட்டிக்கொண்டார். லண்டனின் 24 ஆஸ்பத்திரிகளில் சாவு நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் என்று புத்தகத்தில் போட்டுவிட்டார்! வில்லியம் ஃபார் போட்டுக் கொடுத்த கணக்கு அது. வருஷம் முழுக்க நடந்த சாவுகளை, ஒரே ஒரு நாள் உள்ளே இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தது. டாக்டர்கள் சும்மா விடுவார்களா? பத்திரிகைகளில் பிடிபிடியென்று பிடித்தார்கள்.

இன்னொரு சிக்கல், வருகிற நோயாளி. எண்பது வயதுக்காரரையும் இருபது வயதுப் பையனையும் ஒரே தராசில் வைக்கலாமா? அதற்குத்தான் 1987-ல் வெளியான பிரேடன் அளவுகோல். உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, சாப்பாடு, உராய்வு என்று ஆறு விஷயம் பார்த்து 6 முதல் 23 வரை மார்க். குறையக் குறைய புண் வரும் ஆபத்து அதிகம். வார்டுகளை ஒப்பிடுமுன் இதைப் பார்க்காவிட்டால் அநியாயம். விழுந்ததை ஒளிக்காமல் எழுதும் வார்டுதான் மோசமாகத் தெரியும், அதையும் மறக்கக் கூடாது.

என்னை உலுக்கியது 2002-ல் லிண்டா ஐக்கன் குழு வெளியிட்ட ஆய்வு. பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகள். ஒரு நர்ஸின் தலையில் ஒரு நோயாளி கூடினால், அறுவைச் சிகிச்சையானவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறதாம். எனக்கு அந்த முப்பது கட்டில்தான் ஞாபகம் வந்தது.

அப்பா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். போன மாதம் கண் ஆபரேஷனுக்கு வேறிடம் போனோம். "ராத்திரி ஒரு சிஸ்டருக்கு எத்தனை பேஷண்ட்?" என்று ரிசப்ஷனில் கேட்டேன். அந்தப் பெண் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, "ரூம் ஏ.ஸி.யா, நான்-ஏ.ஸி.யா சார்?" என்றாள்.