அட்டை கிடைத்தது, வகுப்பறை மாறவில்லை

(கட்சிக் கல்வி முகாமில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில், அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்புக்கான தேசிய இயக்கத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் நோயை ஒழிப்பது ஆகியவை அறிவிக்கப்பட்ட இலக்குகள். பரிசோதனை தேவைதான், அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அதன் பின் வழங்கப்படும் அட்டை, யார் யாரை மணந்தால் குழந்தைக்கு நோய் வரக்கூடும் என்றுதான் கூறுகிறது. ஏற்கெனவே நோயோடு பிறந்து ஐந்தாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் ஆதிவாசிச் சிறுமிக்கு அதில் என்ன இருக்கிறது?

இந்நோயில் சிவப்பணுக்கள் உழவர் கையிலுள்ள அரிவாளைப் போல வளைந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கின்றன. கை கால் வலித்தால் குழந்தை அழும். அது ஊருக்குத் தெரியும். மூளையில் ஏற்படும் அடைப்போ பல நேரங்களில் வெளியே தெரிவதில்லை. கை கால் விழாது, பேச்சு குழறாது. மருத்துவர்கள் இதை மௌனப் பக்கவாதம் என்பர். பெரும்பாலும் மூளையின் முன்பகுதி பாதிக்கப்படுவதால், கவனத்தை நிறுத்துவதும், சொன்னதை நினைவில் வைத்துக் கணக்கை முடிப்பதும் கடினமாகின்றன. இத்தகைய அடைப்பு இல்லாத குழந்தைகளையும் இரத்தசோகையின் களைப்பு விடுவதில்லை. வகுப்பறையில் இதற்கு வைக்கப்படும் பெயர் ‘சோம்பல்’. ஆதிவாசிக் குழந்தையெனில், ‘இவர்களுக்குப் படிப்பு ஏறாது’ என்ற பழைய தீர்ப்பும் சேர்ந்துகொள்கிறது.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்நோயால் சிறுநீரகம் உடலில் நீரைத் தக்கவைக்கும் திறனை இழக்கிறது. குழந்தை அடிக்கடி நீர் அருந்தாவிட்டால் வலி தாக்கும். அருந்தினால் அடிக்கடி வெளியே செல்ல வேண்டும். பாட நேரத்தில் அனுமதி கேட்டால் அடங்காத பிள்ளை. விடுதியில் இரவு படுக்கை நனைந்தால் ஏளனம். வலியோடு வீட்டுக்குச் சென்ற பிள்ளைக்கு விடுபட்ட பாடத்தை நடத்த ஆளில்லை. இடைநிற்றல் இப்படித்தான் தொடங்குகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் தன் அட்டவணையில் சேர்த்துள்ளது. பாடத்திட்டத்தில் தகுந்த மாற்றம், தேர்வில் கூடுதல் நேரம் ஆகியவற்றுக்கான கடமையை 17ஆம் பிரிவு அரசின்மீது சுமத்துகிறது. ஆனால் 18 வயது வரையிலான இலவசக் கல்விக்கு 40 சதவீதச் சான்று வேண்டும். வெளித்தோற்றத்தில் ஊனம் தெரியாத பிள்ளையின் கவனக் குறைவை எந்த மருத்துவ வாரியம் அளக்கப்போகிறது?

இந்தியாவில் இந்நோய் 1952இல் முதலில் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடியினரிடம். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் கட்சிரோலியிலும் வயநாட்டிலும் கேட்கவேண்டியவை எளியவையே: மேசைமீது தண்ணீர்ப் புட்டி, கேட்டவுடன் கழிப்பறை அனுமதி, விடுப்பிலுள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம், இரத்தப் பரிசோதனையுடன் கற்றல் திறன் பரிசோதனை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடையின்றி ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை. பள்ளி மேலாண்மைக் குழுக்களிலுள்ள தோழர்கள் அடுத்த கூட்டத்திலேயே இவற்றைத் தீர்மானமாக வைக்கலாம்.