குழந்தைகளின் காதுச் சீழ்



கணக்கைத் தணிக்கை செய்ய வந்தவன் காதைப் பற்றிப் பேசுவதேன் என்று வினவுவீர்கள். சிறு பாக்கியைக் கவனியாது விட்டால் வட்டி முதலை விழுங்குவதுபோல, காதுச் சீழும் கவனியாது விட்டால் செவிப்புலனையே குறைத்துவிடும்.

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழல் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் ஏறக்குறையக் கிடையாகவும் இருக்கிறது. ஆகையால் ஓசூர், தளிப் பக்கத்துப் பனிக்காலத்தில் சளி பிடித்தால், கிருமிகள் அவ்வழியே எளிதில் உட்செல்லும். ஜுரம், ஓயாத அழுகை, காதைப் பிடித்திழுத்தல் ஆகியவை இதன் குறிகள்.

சீழ் வடியும் காதில் எண்ணெயோ பச்சிலைச் சாறோ ஊற்றலாகாது. செவிப்பறையில் துவாரம் இருக்கக்கூடும். சுத்தமான துணித்திரியால் மெதுவாய் ஒற்றியெடுத்து, டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சீழ் வடிந்தால் அது நாட்பட்ட நோய். காதின் பின்புறம் வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

குழந்தையைப் படுக்கவைத்துப் புட்டிப்பால் புகட்டாதீர்கள். அடுப்புப் புகையும் பீடிப் புகையும் தீங்கானவை. 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய நியுமோகாக்கல் தடுப்பூசியை 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் ஆகிய மூன்று தவணையிலும் தவறாது போடுங்கள், அது இலவசம்.

கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை மந்தனென்று கடிந்துகொள்ளுமுன், அவன் காதைச் சோதிக்கச் செய்யுங்கள். இதுவே என் வேண்டுகோள்.