ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்தான்?

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களில் ராத்திரிக்குத் தனிச் சத்தம் உண்டு. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி பிரேக் போட்டால் அலமாரியில் டம்ளர் அதிரும். காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவர்கள் விடிவதற்கு வெகு முன்பே கதவைத் திறப்பார்கள். இதற்கெல்லாம் பழகி வடசென்னைப் பிள்ளைகள் நன்றாகவே தூங்குகிறார்கள். அப்படித் தூங்க முடியாத சில பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். புற்றுநோய் முற்றிய பிள்ளை, மூளை வாதத்தோடு வலிப்பும் வருகிற பிள்ளை, தசை நாளுக்கு நாள் தளர்கிற பிள்ளை. நோய் குணமாகுமோ ஆகாதோ, வேதனையைக் குறைப்பதையே வேலையாகக் கொண்ட நோய்த்தணிப்புச் சிகிச்சை இவர்களுக்கு நடக்கிறது.

அப்படி ஒரு பிள்ளை இருக்கிற வீட்டு அம்மாவைக் கேட்டால், "அது தூங்கி மாசக்கணக்காச்சுங்க" என்பார். டாக்டரிடம் சொன்னீர்களா என்றால், "இதையெல்லாமா போய்ச் சொல்றது?" என்பார். சொல்லத்தான் வேண்டும் அம்மா. காய்ச்சலைச் சொல்வதுபோல, வாந்தியைச் சொல்வதுபோல இதையும் சொல்லுங்கள். தூக்கம் கெடப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்.

அதைப் பிடிக்க, தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். 'பத்து மணிக்கு மருந்து. ரெண்டரைக்கு முனகினான், காலை மடக்கிக்கொண்டான். நாலு மணிக்கு அசந்தான்.' மூன்று நாள் தாளிலும் அதே ரெண்டரை இருந்தால் மருத்துவருக்கு ஒரு சந்தேகம் எழும். வலிக்குக் கொடுக்கிற சாதாரண மார்பின் மருந்தின் வலு சுமார் 4 மணி நேரம்தான். அது இறங்குகிற நேரத்தில் வலி பிள்ளையை எழுப்புகிறது. வலி வந்து அழுத பிறகு ஓடாமல் நேரம் தவறாமல் மருந்து கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே குழந்தைகளுக்கான வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. இரவு வேளையை எப்படி அமைப்பது என்பதை மருத்துவர் முடிவுசெய்யட்டும். நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள்.

மார்பின் தொடங்கிய முதல் சில நாள் பிள்ளை கூடுதலாகத் தூங்கலாம். பல வாரமாகத் தவறிய தூக்கமும் அதில் சேர்ந்திருக்கும். தட்டினால் விழித்து, மூச்சும் சீராக இருந்தால் பயமில்லை. எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது என்றால் மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். மலச்சிக்கலையும் மறக்காதீர்கள், வயிறு கல்லாக இருக்கிற பிள்ளை எப்படித் தூங்கும்? ஸ்டீராய்டு மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்தாலும் கண் கொட்டக் கொட்ட விழித்திருக்கும். காலையில் கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரே அறை உள்ள வீட்டில் 'அமைதியான இருட்டறை' என்று அறிவுரை சொல்வது நியாயமில்லை. பாயை ரோட்டுப் பக்கச் சுவரிலிருந்து உள்பக்கம் நகர்த்தலாம். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜீரோ வாட்ஸ் பல்பு போடலாம். காலையில் வாசலில் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் உட்காரவைத்தால் உடம்புக்குப் பகல் எது இரவு எது என்று பழகும். மூச்சு வாங்குகிற பிள்ளைக்குத் தலைப்பக்கம் போர்வையை மடித்து உயர்த்தி, முகத்தில் மெல்லக் காற்றுப் படும்படி ஃபேனைத் திருப்புங்கள்.

இனி நான் அதிகம் யோசித்த விஷயம். தாத்தா இறந்தபோது நாம் பிள்ளையிடம் என்ன சொன்னோம்? "தாத்தா தூங்கிட்டாரு." பத்து வயதுப் பிள்ளை அதை மறக்காது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் காலியானதையும் அது பார்த்திருக்கும். பிறகு ஒரு ராத்திரி கேட்கும்: "நான் தூங்கினா எழுந்திருப்பேனாம்மா?" பதறிப்போய், "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று வாயை மூடிவிடுகிறோம். அந்தப் பயம் அப்படியே உள்ளே தங்கி, கண்ணை மூட விடாமல் செய்கிறது. ஏன் அப்படித் தோணுது கண்ணு என்று கேளுங்கள். சாவு வேறு, தூக்கம் வேறு என்று அதற்குப் புரியும்படி சொல்லுங்கள். பொய்ச் சத்தியம் வேண்டாம். "நான் பக்கத்துலயேதான் படுத்திருக்கேன், கையைப் பிடிச்சுக்கோ" என்பது உண்மை, அதைச் சொல்லலாம்.

எண்ணூருக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்தபோது, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். படுக்கையை விட்டு நகர முடியாத பிள்ளையை யார் தூக்குவது, மருந்துப் பை எங்கே இருக்கும் என்று வீட்டில் இன்றைக்கே பேசி வையுங்கள். அது முடிவாகிவிட்டால் அம்மாவும் கொஞ்சம் கண்ணயர்வார். அவரும் தூங்க வேண்டும். பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ வாரத்தில் இரண்டு ராத்திரி வந்து உட்கார்ந்தால் பெரிய உதவி.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், 104-க்கும் பேசலாம். திட்டத்தின் ஊழியர்கள் வரும்போது ஸ்கேன் ஃபைலைப் பிரிப்பதற்கு முன்னால், அந்தக் காலண்டர் தாளை எடுத்துக் கொடுங்கள்.