அடிக்கடி நோயில் விழும் குழந்தை
(குடும்ப நலக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



குழந்தை என்றால் சளி, காய்ச்சல் வரத்தான் செய்யும். நாலு நாளில் போய்விடும். ஆனால் சில குழந்தைகளுக்கு ஒன்று போவதற்குள் இன்னொன்று வந்து நிற்கும். "பால் குடிக்குது, மருந்தும் குடுக்கிறோம், உடம்பு மட்டும் தேறலையே" என்று தாய் கலங்குவாள். அந்தக் குழந்தைகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுக்குப் போனேன். ஆறு மாதத்து ஆண் குழந்தை. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் திட்டு போல வெள்ளை. ஓயாத பேதி. இரண்டு தடவை நிமோனியா வந்து போயிருந்தது. "சத்துக் குறைவு" என்று சொல்லி, சத்துமாவுக் கஞ்சி கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். குழந்தை இறந்துபோயிற்று. சில வருஷம் கழித்துப் போனபோது இன்னொரு ஆண் குழந்தையும் அதே மாதிரி போயிருந்தது. நடுவில் பிறந்த பெண் குழந்தை வாசலில் ஓடி விளையாடிக் கொண்டிருந்தது. மாமியார், "இவ ராசி அப்படிங்க, ஆண் வாரிசு தங்காது" என்றார். மருமகள் தலை குனிந்து நின்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ரத்தப் பரிசோதனை செய்யாததால் அந்தப் பிள்ளைகளுக்கு இன்ன நோய்தான் என்று இப்போதும் நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்றே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

உடம்பின் காவல்

நம் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் ஊர்க் காவல்காரர்கள் மாதிரி. நோய்க் கிருமி நுழைந்தால் எதிர்த்து அழிக்கும். இந்த அணுக்களுக்கு நாற்றங்கால் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்தக் காவல் அமைவதில்லை. இதைப் பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைவு என்கிறோம். இது எய்ட்ஸ் அல்ல. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் அல்ல.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

1952-ல் அமெரிக்காவில் புரூட்டன் என்ற ராணுவ டாக்டரிடம் எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். பலமுறை நிமோனியா கண்டவன். கிருமியை எதிர்க்கும் காமா குளோபுலின் என்ற புரதம் அவன் ரத்தத்தில் இல்லை என்று டாக்டர் கண்டுபிடித்தார். மற்றவர் ரத்தத்திலிருந்து பிரித்த அந்தப் புரதத்தை மாதாமாதம் ஊசியாகப் போட்டார். பையன் தேறினான்.

1968-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டாக்டர் ராபர்ட் குட் குழுவினரிடம் ஐந்து மாத ஆண் குழந்தை வந்தது. அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்பே பல ஆண் குழந்தைகள் இறந்திருந்தன. அக்காளின் மஜ்ஜையை எடுத்துத் தம்பிக்குச் செலுத்தினார்கள். நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுவது போலத்தான். புது மஜ்ஜை வேர் பிடித்தது. பையன் பிழைத்து வளர்ந்து பெரியவனானான்.

இந்த நோயில் மிகக் கடுமையான வகைக்குச் சிகிச்சை இல்லாவிட்டால், பெரும்பாலும் ஒன்றிரண்டு வயதுக்குள் உயிர் போய்விடும். ஆனால் பிறந்த மூன்றரை மாதத்துக்குள் மஜ்ஜை மாற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைக்கிறார்கள் என்று 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

யார் குற்றம்?

யார் குற்றமும் இல்லை. இது மரபு வழியாக வருவது. இரண்டு வழி உண்டு.

ஒரு வகையில், தாய் நல்ல ஆரோக்கியமாக இருப்பாள். ஆனால் அவளிடமுள்ள இரண்டு எக்ஸ் இழைகளில் ஒன்றில் குறை இருக்கும். மற்றொன்று அவளைக் காப்பாற்றும். மகனுக்குத் தாயிடமிருந்து ஒரே ஒரு எக்ஸ்தான் வருகிறது. குறையுள்ளது வந்துவிட்டால் நோய். ஆகவே ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அது தாய் விரும்பிக் கொடுத்ததா? இல்லையே! அவளுக்கும் அது பெற்றோர் வழியாக வந்ததாக இருக்கலாம். ஆண் குழந்தைகள் மட்டும் இறப்பதற்கு ராசி காரணமல்ல என்பது இதனால் விளங்கும்.

இன்னொரு வகையில், தாய் தகப்பன் இருவரிடமும் ஒரே குறை மறைந்திருக்கும். இருவருக்கும் நோய் இராது. பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்தால் நோய் வரும். ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டும்போது, ஒரே தாத்தா பாட்டி வழிக் குறை இரண்டு பக்கமும் இருக்க இடம் அதிகம். ஏற்கெனவே உறவில் கட்டிக்கிட்டவங்க பயப்பட வேண்டாம். பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது இதை யோசித்துப் பாருங்கள்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

1. ஒரே வருஷத்தில் இரண்டு தடவை நிமோனியா.
2. ஒரே வருஷத்தில் நாலு தடவையோ அதற்கு மேலோ காதில் சீழ்.
3. வாயில் வெள்ளைத் திட்டு மருந்து போட்டும் போகாமல் இருப்பது.
4. ஆழமான சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வருவது.
5. பேதி நிற்காமல், எடை ஏறாமல் இருப்பது.
6. குடும்பத்தில் முன்பே கைக்குழந்தைகள் தொற்று நோயால் இறந்திருப்பது.

இதில் எது இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெள்ளை அணுக்களை வகை பிரித்து எண்ணும் சாதாரண ரத்தப் பரிசோதனையே முதல் துப்பைக் கொடுக்கும். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை வேலூரில் 1986-லேயே தொடங்கிவிட்டது. மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையிலும் இந்த நோய்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. செலவுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்; உதவிக்கு வழி கேளுங்கள்.

தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை. தடுப்பூசியை எல்லாக் குழந்தைகளுக்கும் தவறாமல் போட வேண்டும். ஆனால் முன் பிறந்த குழந்தை இப்படி இறந்திருந்தால், பிரசவத்துக்கு முன்பே நர்சம்மாவிடம் சொல்லிவிடுங்கள். பி.சி.ஜி. ஊசியிலும் போலியோ சொட்டு மருந்திலும் வலுக் குறைத்த உயிருள்ள கிருமி இருக்கிறது. காவல் இல்லாத உடம்பை அதுவே தாக்கக்கூடும். அந்தக் குழந்தைக்கு மட்டும் முதலில் ரத்தம் பார்த்துவிட்டு டாக்டர் முடிவு செய்வார். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன்பும் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போய் ஆலோசனை கேளுங்கள். தாயை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள்.

அன்று தலை குனிந்து நின்ற அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "அம்மா, இது உன் குற்றமில்லை. வா, ரத்தம் பார்க்கலாம்." உங்கள் தெருவில் இப்படி ஒரு தாய் இருந்தால், நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.

ராசியைப் பழிக்காதீர், ரத்தத்தைச் சோதியுங்கள்!