உள்நாட்டு மீனும் நம் அடுக்களையும்

போலாரம் கடற்கரை ஊர் அன்று. தக்காணப் பீடபூமியின்மேல், கடல் மட்டத்திற்கு 500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. சென்னைப் படையினரோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் சிக்கந்தராபாத்தைச் சுற்றிக் குடியேறிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. பிற்காலத்தில் அலுவல் தேடி வந்தோரும் பலர். ஆயினும் மீன் வாங்கப் புகுந்தால் நம் மனம் தூத்துக்குடிக்கும் நாகப்பட்டினத்திற்குமே ஓடுகிறது. வஞ்சிரம் உண்டா, சங்கரா உண்டா என்றுதான் கேட்கிறோம்.

அந்த மீன்கள் நம்மிடம் வந்து சேரும் வழியைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். மசூலிப்பட்டினமே இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. வழிநெடுகப் பனிக்கட்டியில் காக்கப்பட்ட மீனால் தீங்கில்லை. இடையில் சூடேறிவிட்டால் மத்தி, அயிலை, சூரை போன்ற மீன்களில் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகுகிறது. உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவத்தல், உடலில் தடிப்பு, தலைவலி, வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றக்கூடும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும், எண்ணெயில் முறுகப் பொரித்தாலும் அப்பொருள் அழிவதில்லை. நாமோ மீன் சற்றுப் பழையது என்று தெரிந்தால் புளியையும் மிளகாயையும் கூட்டி, எண்ணெய்ச் சட்டியில் இட்டுவிடுகிறோம். நாற்றம் மறைகிறது, நஞ்சு மறைவதில்லை.

நம் கைக்கு எட்டும் புதுமீன் ஏரியிலும் குளத்திலும் வளர்வது. அதைச் சேற்று மீன் என்று ஒதுக்குவோர் நம்மில் உண்டு. மதுரையில் அயிரைக் குழம்புக்கும், கண்மாய் விராலுக்கும் இருக்கும் மதிப்பை அவர்கள் எப்படி மறந்தார்களோ! விராலைத் தெலுங்கு மக்கள் கொர்ரமீனு என்பர். தெலங்கானாவின் மாநில மீன் அதுவே. காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருப்பதால், தொட்டியில் சிறிது நீர் இருந்தாலும் உயிரோடு கிடக்கும். முஷீராபாத்துச் சந்தையில் உயிரோடு வாங்கிய விராலுக்குப் புதுமை பார்க்கவேண்டியதே இல்லை.

கட்லாவும் ரோகுவும் விலை குறைந்தவை. முன்னாளில் இவற்றின் குஞ்சுகளைப் பெரும்பாலும் ஆறுகளிலிருந்தே பிடித்து வரவேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் கட்டாக்கில் ஹீராலால் சௌதுரி என்னும் அறிஞர் ஊசிமருந்து செலுத்திக் கெண்டை மீனை முட்டையிடச் செய்தார். அந்த முறை பரவியதால்தான் இன்று கிருஷ்ணை, கோதாவரி வடிநிலக் குளங்களிலிருந்து ஆண்டு முழுவதும் இம்மீன்கள் வருகின்றன. இவற்றை வாங்கும்போது கண் தெளிந்து புடைத்திருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்திய குழி உடனே நிமிர்கிறதா என்று பார்த்தால் போதும். துண்டங்களில் உப்பும் மஞ்சளும் தேய்த்து, மோரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ கால்மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் சேற்று மணம் பெரிதும் அகலும்.

குன்னூரில் 1918இல் தொடங்கப்பெற்ற சத்துணவு ஆராய்ச்சி நிலையம் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. அதுவும் நம்மைப் போல் தமிழகத்திலிருந்து வந்த ஒன்றே! தார்நாகாவில் உள்ள அந்நிலையம் 2011இல் வெளியிட்ட அறிவுரைகளில், மீன் உண்போர் வாரத்திற்கு 100 முதல் 200 கிராமேனும் உண்க என்றது. வாரம் ஒரு நாள் குழம்பு வைத்தாலே அந்த அளவு நிறைந்துவிடும்.

மீனின் தசை மென்மையானது. இறைச்சியைப் போல நெடுநேரம் வேகவேண்டியதில்லை. ஆகையால் குழம்பு முதலில் கொதித்துப் பச்சை வாசனை நீங்கித் திரண்ட பிறகே துண்டங்களை இடவேண்டும். எட்டு அல்லது பத்து நிமிடம் போதும். அகப்பை இட்டுக் கிளறாமல், துணியால் சட்டியைப் பிடித்து மெல்லச் சுழற்றிவிட்டால் துண்டம் உடையாது. நால்வர் உண்ணும் குழம்பைத் தாளிக்க மூன்று தேக்கரண்டி எண்ணெய் தாராளம். மேலே எண்ணெய் மிதந்தால்தான் மீன்குழம்பு என்பது உணவுவிடுதிகள் கற்றுத்தந்த பழக்கம்.

வறுவலை விட மனமில்லாதோர் மிளகு, சீரகம், பூண்டு அரைத்துப் பூசிய துண்டங்களை வாழையிலையில் மடித்து, இட்டிலிப் பானையில் பன்னிரண்டு நிமிடம் அவித்துப் பார்க்கலாம். இலையின் மணம் மீனில் இறங்கிவிடும். தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் தடவி இருபுறமும் வாட்டி எடுப்பதும் நன்றே.

இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பலர் மீனை வெறுப்பது முள்ளுக்கு அஞ்சித்தான். அவர்களுக்குப் புட்டே வழி. ஊரில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டுச் செய்வார்கள் அல்லவா? அதையே விராலில் செய்யலாம். மஞ்சள் நீரில் வேகவைத்து, தோலும் முள்ளும் நீக்கி உதிர்த்து, வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு வதக்கவேண்டும். உதிர்க்கும்போது விரல்களால் இருமுறை தடவிப் பார்ப்பது அவசியம்.

அண்டை வீட்டாரின் கைப்பாகம் ஒன்றும் நாம் கற்கத்தக்கது. அவர்கள் புளிக்குப் பதிலாகப் புளியங்கொழுந்தைக் கசக்கி மீனோடு சமைப்பார்கள். வேனிலில் கொழுந்து சந்தைக்கு வரும். ஜூன் 7 அல்லது 8ஆம் தேதி மிருகசிரக் கார்த்தி பிறக்கும் நாளில் இவ்வூரார் மீன் உண்பது வழக்கமாகையால் அன்று விரால் விலை மிக உயர்ந்துவிடும். நாம் இரண்டு நாள் கழித்துப் போவது நலம்.