துரோணர் பெயரால் பரிசா?



விளையாட்டில் கெட்டிக்காரர்களுக்கு இந்திய சர்க்கார் வருஷந்தோறும் கொடுத்துவரும் பரிசுகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம். பரிசு கொடுப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. வெயிலில் காய்ந்து, பத்து வருஷம் பாடுபட்டவர்களுக்கு இன்னும் அதிகமாகவே கொடுக்கலாம். நாம் கேட்பதெல்லாம் அப்பரிசுகளுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பற்றியே ஆகும்.

1961-ல் ஆட்டக்காரர்களுக்கென்று ஏற்பட்ட பரிசுக்கு அர்ஜுனன் பெயர். 1985-ல் பயிற்சி கொடுப்பவர்களுக்கென்று ஏற்பட்ட பரிசுக்குத் துரோணாச்சாரி பெயர். இந்தத் துரோணாச்சாரியின் யோக்கியதை என்ன? நாம் கட்டிச் சொல்ல வேண்டியதில்லை, பாரதமே சொல்லுகின்றது. வேடர் குலத்து ஏகலைவன் வில்வித்தை கற்க வந்தான். குலத்தைக் காட்டி மறுத்துவிட்டார். அவன் காட்டிற்குப் போய், மண்ணால் ஓர் உருவம் செய்து வைத்துக்கொண்டு, தானாகவே கற்று அர்ஜுனனை மிஞ்சிவிட்டான். அர்ஜுனன் ஓடிப்போய் முறையிட்டான். உடனே ஆசிரியர் வந்து, தாம் கற்றுக்கொடுக்காத வித்தைக்குத் தக்ஷணையாக அவனுடைய வலதுகைக் கட்டைவிரலை வாங்கிக்கொண்டு போனார்! இது கட்டுக்கதை என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் கதையிலுங்கூட யோக்கியமாய் நடந்துகொள்ளாத ஒருவரை ஆசிரியர்களுக்கு இலக்கணமாக வைப்பானேன்? இன்றைக்கு ஒரு பயிற்சியாளன் தன் சிஷ்யன் ஜெயிப்பதற்காக எதிராளியின் விரலை வாங்கினால் அவனுக்குக் கிடைப்பது பரிசா, விலங்கா?

அப்பரிசை முதல் வருஷமே பெற்றவர்களில் ஒருவர் ஓ. எம். நம்பியார். பய்யோலி என்னும் கிராமத்துப் பெண்ணாகிய பி. டி. உஷாவைச் சிறு வயதிலேயே அடையாளங்கண்டு பழக்கி, 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வினாடியில் நூறில் ஒரு பங்கில்தான் வெண்கலம் தவறிற்று என்னும்படி செய்தவர். கட்டைவிரலைக் கேட்டவர் அல்ல. இவருக்குத் துரோணர் பெயரால் பரிசு கொடுத்தது இவருக்குக் கௌரவமா, துரோணருக்குக் கௌரவமா?

“பெயர்தானே, அதிலென்ன வந்துவிட்டது?” என்று சில பண்டிதர்கள் சொல்லக்கூடும். அப்படியானால் 2021 ஆகஸ்டு 6-ந் தேதி, எல்லாவற்றிலும் பெரிய கேல் ரத்னா பரிசிலிருந்து ராஜீவ் காந்தி பெயரை எடுத்துவிட்டு, ஹாக்கி வீரர் தியான் சந்த் பெயரை வைத்தது ஏன்? ஆட்டக்காரன் பெயர் ஆட்டத்திற்குத் தகும் என்பதில் நமக்கும் சந்தோஷமே. பெயருக்கு மதிப்பு உண்டு என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

அதற்கு இரண்டு நாள் முன்பு என்ன நடந்தது? டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கிக் கோஷ்டி அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்துவாரை அடுத்த ரோஷ்னாபாத்தில் வந்தனா கடாரியா என்னும் ஆட்டக்காரியின் வீட்டு வாசலில் சிலர் பட்டாசு கொளுத்திக் கூத்தாடி, தாழ்த்தப்பட்ட ஜாதியார் கோஷ்டியில் அதிகமாய்ப் போனதால்தான் தோல்வி என்று வைததாக வீட்டார் புகார் செய்தார்கள். நாலு நாள் முன்புதான் அந்தப் பெண் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டிருந்தார். ஒலிம்பிக்கில் அதற்குமுன் எந்த இந்தியப் பெண்ணும் செய்யாத காரியம் அது! ஜெயித்தால் தேசத்தின் பெண். தோற்றால் ஜாதியின் பெண். அவ்வருஷமே அவருக்கு அர்ஜுனன் பரிசும் கொடுத்தார்கள். குலஞ்சொல்லி இழிவுபடுத்தப்பட்டவர் கையில், குலஞ்சொல்லி விரட்டப்பட்டவன் விரல் போகக் காரணமாயிருந்தவனின் சிலை!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மலைவாசிப் பிள்ளைகளுக்காக 1997-98 முதல் இதே சர்க்கார் ஏற்படுத்திவரும் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு ஏகலைவன் பெயர். கற்கின்ற பிள்ளைக்கு ஏகலைவன், கற்பிக்கின்றவருக்குத் துரோணர். அப்பிள்ளை வில்லெடுத்துக்கொண்டு, துரோணர் பரிசு பெற்ற ஒருவர் முன் போய் நின்றால், கையை நீட்டுமா, மறைத்துக்கொள்ளுமா?

துரோணர் பெயரை எடுத்துவிட்டு, 2021-ல் காலமான அந்த நம்பியார் பெயரையே வைக்கட்டும். தியான் சந்த் பெயரை ஒரே நாளில் அறிவித்தார்கள். இதற்கும் அவ்வளவு நேரம் போதும்.