கடை போடும் முன் கண்ணால் பார்ப்போம்

(திருவேற்காட்டில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



போன கூட்டத்தில் மசாலாத்தூள் செய்யும் ஒரு குழு கேட்டது: "மேடம், கண்காட்சியில் கடை போட்டால் நல்லா விற்கும்னு சொல்றாங்க. குழுவில் கடன் எடுத்துப் போகலாமா?" உடனே பதில் சொல்லாமல், அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன் என்று தள்ளிப் போட்டேன். காரணம் இருக்கிறது. இதே கேள்விக்கு முன்னொரு தரம் நான் அவசரப்பட்டுப் பதில் சொன்னேன். அதனால் பத்துப் பெண்கள் நஷ்டப்பட்டார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் கண்காட்சி என்று நோட்டீஸ் வந்தது. தனியார் நடத்தியது. "ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும்" என்று போட்டிருந்தார்கள். நான் அந்தக் குழுவிடம், "தைரியமா போங்கக்கா, நான் இருக்கேன்" என்று சொன்னேன். அவர்கள் குழுவின் உள்கடனில் எடுத்துப் பணம் கட்டினார்கள்.

செலவைக் கேளுங்கள். கடை வாடகை 9,000 ரூபாய். போகவர டெம்போ 2,400. மேஜை, கூடுதல் லைட்டுக்கு 600. மூன்று நாள் சாப்பாடு, டீ 1,000. மொத்தம் 13,000 ரூபாய். மூன்று நாளில் விற்றது 8,000 ரூபாய்க்கு. நூறு ரூபாய்க்கு விற்றால் முப்பது ரூபாய்தான் நமக்கு நிற்கும். அப்படியானால் 8,000-க்கு லாபம் 2,400. செலவில் அதைக் கழித்தால் நஷ்டம் 10,600. பத்துப் பேருக்கும் ஆளுக்கு 1,060 ரூபாய். மூன்று நாள் கூலியை இதில் சேர்க்கவே இல்லை.

"கூட்டம் வரலை, அதான் நஷ்டம்" என்று கொஞ்ச நாள் எல்லோரும் சொல்லிக்கொண்டோம். ஒரு நாள் ராத்திரி நான் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். நாங்கள் கொண்டுபோன சரக்கே 20,000 ரூபாய்க்குத்தான். அத்தனையும் விற்றிருந்தாலும் லாபம் 6,000. அப்போதும் 7,000 ரூபாய் கையைக் கடித்திருக்கும்! 13,000 செலவை எடுக்க வேண்டுமானால் 43,000 ரூபாய்க்கு மேல் விற்றிருக்க வேண்டும். அந்தச் சின்ன மேஜையில் அவ்வளவு பாக்கெட் அடுக்கவே இடம் கிடையாது. அதாவது, வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே நாங்கள் தோற்றுவிட்டோம். இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிஷம் போதும். நான் போடவில்லை. சமூகப்பணி படித்தவளுக்கு வியாபாரக் கணக்கு தெரியவில்லை.

அந்தக் குழுவில் ஒரு அக்கா என்னைத் திட்டவே இல்லை. "விடும்மா, நீயும் நல்லதுக்குத்தானே சொன்னே" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

அதனால் இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கண்காட்சிக்குக் கட்டாயம் போங்கள். ஆனால் முதலில் பார்க்கப் போங்கள். கடை போடுவது அதற்கு அப்புறம்.

பக்கத்திலேயே இருக்கிறது

பெரிய கண்காட்சி என்றால் ஏதோ தூர தேசம் என்று நினைக்கிறோம். நந்தம்பாக்கத்தில் இருக்கும் சென்னை வர்த்தக மையம் நமக்கு எவ்வளவு தூரம்? இங்கிருந்து பூந்தமல்லி போய், அங்கிருந்து போரூர் வழியாகக் கிண்டி போகும் பஸ்ஸில் ஏறினால் நந்தம்பாக்கத்தில் இறங்கலாம். மத்திய அரசின் வர்த்தக மேம்பாட்டு நிறுவனமும் நம் மாநிலத்தின் டிட்கோவும் சேர்ந்து 2001-ல் தொடங்கிய இடம் அது. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு கண்காட்சி நடந்துகொண்டே இருக்கும்.

நம் அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம், ஐமா என்று சொல்வார்களே, அவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அங்கேதான் அக்மி என்ற இயந்திரக் கண்காட்சியை நடத்துகிறார்கள். அது லேத்து பட்டறைக்காரர்களுக்கானது. நமக்கு வேண்டியது சிஐஐ அமைப்பு நடத்தும் ஃபுட்புரோ. மாவு அரைக்கும் மெஷின், பாக்கெட் ஒட்டும் மெஷின், காய வைக்கும் மெஷின், லேபிள், டப்பா எல்லாம் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். இதைப் போன்ற தொழில் கண்காட்சிகளில் பார்வையாளர்கள் முன்கூட்டியே பெயர் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் சொன்னால் செல்போனிலேயே பதிந்து தரும். கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். "என்ன தொழில்?" என்று கேட்டால் கூச்சப்படாமல் "மசாலா உற்பத்தி" என்று போடுங்கள். நாமும் உற்பத்தியாளர்தான்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை. புளிசாதம் கட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு போனால் செலவு என்பது டீக் காசுதான். ஆனால் ஒரு நாள் கூலி போகும், அதைக் கணக்கில் எழுதுங்கள். நம் உழைப்பை நாமே சும்மா என்று நினைக்கக் கூடாது.

பார்க்கப் போனால் என்ன பார்ப்பது?

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை கருமாரியம்மன் கோயில் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கூட்டத்துக்குப் பயப்பட மாட்டோம். ஆனால் கூட்டத்தை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தால் பிரயோஜனம் இல்லை. இப்படிச் செய்யுங்கள்:

1. மூன்று பேராகப் போங்கள். ஒருவர் விலை, எடை எழுதட்டும். ஒருவர் கேள்வி கேட்கட்டும். ஒருவர் எந்தக் கடையில் கூட்டம், எதனால் கூட்டம் என்று கவனிக்கட்டும்.

2. நம் பொருளில் இரண்டு பாக்கெட் பையில் இருக்கட்டும். "இதை அடைக்க எந்தக் கவர் சரி?" என்று காட்டிக் கேட்கலாம்.

3. மெஷின்காரரிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். வீட்டுக் கரண்டில் ஓடுமா, மூணு பேஸ் வேண்டுமா? மணிக்கு எத்தனை கிலோ? ரிப்பேர் ஆனால் யார் வருவார்? பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்? இதை வாங்கி ஓட்டுகிற ஒருவரின் போன் நம்பர் தருவீர்களா?

4. "இன்றைக்கு மட்டும் தள்ளுபடி" என்பார்கள். அங்கேயே முன்பணம் கட்டாதீர்கள். கார்டு வாங்கிக்கொண்டு வந்து, குழுவில் பேசி முடிவு செய்யுங்கள்.

5. வாங்கிய கார்டுகளுக்கு மூன்று நாளுக்குள் போன் போடுங்கள். ஒரு மாதம் கழித்துப் போட்டால் அவர்களுக்கு நம் ஞாபகம் இருக்காது.

அப்படிப் போய் வந்த ஒரு குழு, பெரிய மெஷின் வாங்கும் எண்ணத்தோடுதான் கிளம்பியது. அங்கே போய்ப் பார்த்த பிறகு, தங்கள் வியாபாரத்துக்கு இப்போது ஒரு கை சீலர் போதும் என்று புரிந்துகொண்டது. சில ஆயிரத்தோடு வேலை முடிந்தது. பெரிய கடன் மிச்சம். "வாங்காம வந்ததுதான் லாபம் மேடம்" என்று அவர்கள் சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

வாடகை இல்லாத கடைகள்

பார்த்துப் பழகியாயிற்று, இனி விற்கலாம் என்று தைரியம் வந்ததா? அப்போதும் முதலில் வாடகை இல்லாத இடங்களுக்குப் போங்கள். மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நமக்காகவே விற்பனைக் கண்காட்சிகள் நடத்துகிறது. நுங்கம்பாக்கத்தில் வள்ளுவர் கோட்டம் அருகே உள்ள அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நவராத்திரி, தீபாவளி சமயங்களில் பல மாவட்டக் குழுக்களும் வந்து விற்பதைப் பார்க்கலாம். கல்லூரிகளுக்குள்ளே கல்லூரிச் சந்தையும் நடக்கிறது. பிள்ளைகள் எதை விரும்பி வாங்குகிறார்கள் என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

அடுத்தது சரஸ் மேளா. கிராமப்புற ஏழைப் பெண்களின் பொருளுக்கு மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் ஏற்பாடு செய்யும் கண்காட்சி. டெல்லி பிரகதி மைதானத்தில் 1980-லிருந்து நடக்கும் இந்திய சர்வதேச வர்த்தகக் கண்காட்சியிலும் சரஸ் கடைகள் இடம்பெறும். அது நவம்பர் 14 முதல் 27 வரை நடப்பது வழக்கம். இதற்கெல்லாம் தனியாக யாரும் போய்க் கடை கேட்க முடியாது. மாவட்டத்திலிருந்து பெயர் போக வேண்டும். எங்கே எந்தக் குழு விண்ணப்பிக்கலாம் என்பதைத் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். கூட்டமைப்பு மூலம் கடிதம் கொடுங்கள். பெயர் வந்த பிறகு பயணப்படி, தங்கும் இடம், பெண்களுக்குத் தனி அறை உண்டா, ராத்திரி பாதுகாப்பு யார் பொறுப்பு என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் லக்கேஜ் அலுவலகத்தில் பதிந்து கட்ட வேண்டும். நவம்பரில் டெல்லி குளிரும், ஸ்வெட்டர் மறக்காதீர்கள். இந்தி தெரியாதே என்ற பயம் வேண்டாம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் விலையை எண்ணில் பெரிதாக எழுதி வையுங்கள். "கித்னா?" என்று கேட்டால் விரலால் காட்டினால் போதும்.

உள்ளூர்ப் பயணத்துக்கு இன்னொரு செய்தி. குழு உறுப்பினர் அடையாள அட்டை இருந்தால் அரசு பஸ்ஸில் 25 கிலோ வரை நம் பொருளை 100 கிலோமீட்டர் தூரம் வரை கட்டணம் இல்லாமல் எடுத்துப் போகலாம் என்று 2025-ல் அரசு அறிவித்தது. எந்தெந்த பஸ்ஸில் என்பதை டிப்போவில் விசாரித்துவிட்டு மூட்டையை ஏற்றுங்கள்.

தனியார் கண்காட்சியில் வாடகை கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், உத்யம் பதிவு செய்த சிறு தொழில்களுக்கு வாடகையில் உதவி தரும் மத்திய அரசுத் திட்டம் உண்டு. கிண்டியில் உள்ள சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டு அலுவலகத்தில், போவதற்கு முன்பே விசாரியுங்கள். ஆனால் ஒன்று. அந்தப் பணம் நாம் முதலில் கட்டி, ரசீது கொடுத்த பிறகுதான் திரும்ப வரும். அதை நம்பி வட்டிக்கு வாங்கக் கூடாது. உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. யாராவது ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

யார் போவது?

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. எந்தக் கண்காட்சி வந்தாலும் ஊக்குநரும் பிரதிநிதியும்தான் போகிறார்கள். அப்பளம் இடுகிற கை வீட்டிலேயே இருக்கிறது. போன கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, "பன்னெண்டு வருஷமா குழுவுல இருக்கேன். பூந்தமல்லியைத் தாண்டி ஒரு கூட்டத்துக்கும் என்னைக் கூப்பிட்டதில்லை" என்று சொன்னார்களே, நமக்கெல்லாம் சுருக்கென்று இருந்ததா இல்லையா?

இனி முறை வைத்துப் போகட்டும். ஒரு தரம் போனவர் ஒருவர், புதியவர் இருவர். வீட்டில் அனுப்பத் தயங்கினால் கூட்டமைப்பிலிருந்து இரண்டு பேர் போய்ப் பேசுவோம். போய் வந்தவர்கள் அடுத்த வாரக் கூட்டத்தில் என்ன பார்த்தோம், என்ன செலவு என்று சொல்ல வேண்டும். அது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். அப்போதுதான் மூன்று பேர் பார்த்தது பன்னிரண்டு பேருக்கும் சொந்தமாகும்.

மசாலா குழு அக்காமார்களுக்கு இப்போது என் பதில் இது. கடன் எடுக்காதீர்கள். அடுத்து நந்தம்பாக்கத்தில் நமக்கு ஏற்ற கண்காட்சி வரும்போது மூன்று பேர் போய்ப் பாருங்கள். நானும் கூட வருகிறேன். இந்தத் தரம் "தைரியமா போங்க" என்று மட்டும் சொல்ல மாட்டேன். கிளம்பும் முன் உங்களோடு உட்கார்ந்து கணக்கும் போடுவேன்.